பிரிண்டர் என்ற ஃபோல்டர்

என்னங்க,

உங்கள் பழைய லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டேன். பாப்பாவின் முதல் பிறந்தநாள் படங்கள்கூடப் பத்திரமாக வந்துவிட்டன.

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "அந்த பிரிண்டர்ங்கற ஃபோல்டர மட்டும் விட்டுடு, அது குப்பை" என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நம் வீட்டில் பிரிண்டர் ஏது? ஒரு ஜெராக்ஸுக்கே தெருமுனைக்கு ஓடுகிறவர்கள் நாம். மடியில் கனமில்லாதவர் குப்பைக்கு ஏன் காவல் இருக்க வேண்டும்? அதனால் அதைத்தான் முதலில் திறந்தேன்.

எவளோ ஒருத்தியின் படம் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். இருந்தது ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒற்றைக் கட்டில். கூடவே வாடகை ஒப்பந்தம், அடுத்த மாதத் தேதியோடு. அதிலிருந்த ஓனரின் நம்பருக்குப் போன் செய்து, உங்களோடு யார் குடிவருகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. தனியா, அமைதியா இருக்கணும்னு சொன்னாரு."

இன்னொருத்தி என்றால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது?

அந்த ஃபோல்டரையும் மாற்றிவிட்டேன். லேப்டாப்பைத் திறந்ததும் கண்ணில் படும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா