எங்கள் தெருவின் பேப்பர் குடோன்

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் மருமகளும் பேத்தி அனுப்பிரியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மருமகளுக்கு முதுகுவலி என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? குனிந்து பாத்திரம் எடுக்க வேண்டாம் என்று சொல். பெர்த்தில் குளிர் விட்டிருக்கும், இங்கே இன்னும் மழை இல்லை, நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, அதற்கும் தெருவில் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கவுன்சிலரான என் வீட்டுக் குழாயிலும் காற்றுதான் வருகிறது என்று திறந்து காட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொன்னால் நீ பதறி மறுநாளே டிக்கெட் போடுவாய், நானும் அழுதுவிடுவேன், அழுதபடி பேசி எனக்குப் பழக்கமில்லை. கடிதமென்றால் ஒழுங்காகச் சொல்ல முடியும். இன்னொரு காரணமும் உண்டு. ரத்தினசாமி சித்தப்பா உனக்குப் போன் செய்தாலும் செய்வார். அவர் சொல்வதற்கு நீ சம்மதம் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும்.

நம் தெருக்கோடியில் பால்வாடியை ஒட்டி அவருக்கு ஒரு குடோன் இருக்கிறதல்லவா, முன்பு வத்தல் மூட்டை போட்டிருந்த இடம், அதை இந்த வருடம் பேப்பர் குடோன் என்று மாற்றினார். காலண்டர் ஆர்டர் பிடிக்கிற சீசன், சிவகாசியில் பேப்பர் வைக்க இடமில்லை என்றார்கள், நானும் நம்பினேன். ஆடி கழிந்து ஒரு நாள் மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேனில் லோடு வந்தது. இறக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒருவன் பீடியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு வந்தான். மறுநாளும் அப்படியே. உன் அப்பாவின் பிரஸ்ஸில் பேப்பர் இறக்கினதை நீயும் பார்த்திருக்கிறாய், ரீம் கட்டுமேல் செருப்புக் காலோடு ஏறி நிற்பான்கள், உன் அப்பா கத்துவார், பட்டப்பகலிலும் மூன்று லைட் எரியும். இந்தக் குடோனில் லைட்டே இல்லை. கம்பத்திலிருந்து போன ஒயரைக் கழற்றிச் சுருட்டி மேலே கட்டியிருந்தது. செருப்பு ஆணி சிந்தின வெடிமருந்தில் உரசினால் போதும், ஒயரில் ஒரு பொறி விழுந்தால் போதும் என்று பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அச்சங்குளத்திலும் எம். புதுப்பட்டியிலும் ஆலைக்காரர்கள் சரக்கை ஊருக்கு வெளியே பொட்டலில் தள்ளித் தள்ளித்தான் வைக்கிறார்கள். தீபாவளி நெருங்கி இடம் போதாமல் போனதும் அதை நம் தெருவுக்குள் கொண்டுவந்து பேப்பர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வருகிற வேலுத்தாயிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்க அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பால்வாடியிலிருந்து பேத்தி சினேகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய அக்கா புருஷன் சங்கிலிமுத்து ஆலைத் தீயில் போனவன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

உனக்கு எங்கள் நகர்மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாது. அஜெண்டா புத்தகம் போல இருக்கும், சாக்கடை அடைப்பு, நாய் பிடித்தல், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை ஏலம், சோடியம் விளக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். கிளார்க் எண்ணை மட்டும் வாசிப்பார், பொருளை வாசிக்க மாட்டார், எல்லோரும் பாஸ் என்பார்கள், வடை ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெண் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் புருஷன்மார் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாஸ் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் தலையாட்டக் கூடாது என்று கான்வென்ட்டில் படித்தவள் நான், அதனால் வந்த நாள் முதலே எனக்கு அங்கே நல்ல பெயர் இல்லை. அந்த மாதக் கூட்டத்தில் ரத்தினசாமி சித்தப்பாவின் குடோனுக்கு உரிமம் புதுப்பிக்கிற பொருள் வந்தது. நான் எழுந்து முழுவதும் வாசிக்கச் சொன்னேன். வாசித்ததும், பேப்பர் குடோனுக்குள் போகிறவர்கள் எதற்காக வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று கேட்டேன். சித்தப்பாவுடைய மைத்துனர் மகன் காசிராஜனும் உறுப்பினர்தானே, அவன் உட்கார்ந்தபடியே, "காகிதம்னா சரஸ்வதில்லா பெரியம்மா, செருப்புக் காலோட மிதிக்கலாமா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை, "சரி தம்பி, சரஸ்வதியை எதுக்குய்யா இருட்டுல வச்சிருக்கீக, கரண்டு ஒயரை உருவிப்புட்டீகளே" என்றேன். இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. தலைவர் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

பயம் அதற்கு மறுநாள் வந்தது. ரத்தினசாமி சித்தப்பாவே வந்தார். உன் அப்பா இறந்தபோது நீ வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தை விட்டு நகராதவர், அதனால் வாசலில் நிறுத்த முடியாது, காபி கொடுத்தேன். சுற்றி வளைக்காமல், பால்வாடியை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு பொருள் வைக்கிறோம், பிள்ளைகளுக்கும் ஆபத்து இல்லை, உங்களுக்கும் மனசு சமாதானம், தீபாவளி வரைக்கும்தானே என்றார். ஆபத்து என்று அவர் வாயாலேயே வந்தது. மற்ற வீடுகள் என்று நான் கேட்டதற்கு, இத்தனை வருடமாக இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தானே இருக்கிறோம் என்றார். எழுந்து போகும்போது சுவரில் இருந்த உன் குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "வயசான காலத்துல இம்புட்டுப் பெரிய வீட்ல தனியா இருக்கீக மதினி. மணிகிட்ட நானே பேசுதேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு நான்லா பதில் சொல்லணும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு நடுக்கம். அவர் கார் திரும்பும்வரை கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் குடித்த காபி டம்ளரைக்கூட எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் எங்கே டப்பென்று ஒரு சத்தம் கேட்டாலும் என் நெஞ்சு ஒரு நிமிடம் நிற்கிறது. குக்கர் விசில் போட்டால்கூட.

பால்வாடியை மாற்றுவதற்கு ஒப்புக்கொள்ளாமலும் இருக்க முடியாது, அந்தக் குழந்தைகளை அங்கே ஒரு நாள் கூட விட என் மனம் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டால் குடோன் அப்படியே இருக்கும், தெருவும் அப்படியே இருக்கும். யோசித்து யோசித்து அடுத்த கூட்டத்துக்குப் போனேன். வார்டு விஷயமென்றால் அந்த வார்டு உறுப்பினர் வழிமொழிய வேண்டும் என்பது இங்கே வழக்கம். கட்டடம் பழுது, ஆகவே பால்வாடியை இடம் மாற்றலாம் என்று எழுதி வந்திருந்தது, காசிராஜன் முன்மொழிந்தான். நான் எழுந்து, வழிமொழியத் தயார், ஆனால் காரணம் தவறு, கட்டடத்தைப் போன வருடம்தான் நாமே செலவு செய்து செப்பனிட்டோம், பக்கத்துக் குடோனில் பட்டாசு இருப்பதால் மாற்றுகிறோம் என்று திருத்துங்கள், இப்போதே வழிமொழிகிறேன் என்றேன். கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. காசிராஜனுக்குக் கோபம், "ஒத்த வார்த்தைக்காகப் பச்சப்பிள்ளைகள நெருப்புல நிறுத்துவீகளோ பெரியம்மா" என்று சத்தம் போட்டான். எந்த நெருப்பில் என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். அவன் தலைவரைப் பார்த்தான், தலைவர் ஆணையாளரைப் பார்த்தார். ஒருவரும் ஆதரிக்காவிட்டால் நான் பிள்ளைகளைத் தடுத்தவள் என்று ஆகிவிடும். அப்போது பக்கத்து வார்டு மூக்கம்மாள், ஒரு வருடமாக வாயே திறக்காதவள், எழுந்தாள். பின்பெஞ்சிலிருந்து அவள் புருஷன், "ஏட்டி, உக்காரு" என்றது எல்லோருக்கும் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆச்சி சொன்ன மாதிரியே எழுதுங்க. எம் பேரனும் அங்கனதான் படிக்கான்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பாஸ் என்றார்கள், மெதுவாக, மேசையைப் பார்த்துக்கொண்டு.

அப்படி எழுதின பிறகு உரிமம் கொடுக்க முடியவில்லை, விஷயம் தாசில்தார் வரைக்கும் போய்விட்டது. அவர் வந்து பார்த்தார். சரக்கை உள்ளே வைத்துச் சீல் வைப்பது இன்னும் ஆபத்து, தீபாவளிக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்யுங்கள் என்று சொல்லி, சித்தப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். பஜாரில் இருக்கிற உன் அப்பாவின் பழைய பிரஸ் கூடத்தைக் கூட்டிக் கழுவிப் பால்வாடிக்குக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை, நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய். தெருவில் முடிந்தவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். போக முடியாதவர்களில் சிலர் என்னைத்தான் திட்டுகிறார்கள், சும்மா கிடந்ததைக் கிளறிவிட்டாள் என்று. அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. சீக்கிரம் காலி செய்ய ஆள் போதாமல் மேஸ்திரி இரட்டைக் கூலி என்று ஆள் எடுத்தான், வேலுத்தாயின் மகன் பாண்டிராஜ், சினேகாவின் தகப்பன், அதில் சேர்ந்துவிட்டான். வேலுத்தாய் அவன் காலைப் பிடித்து அழுதாள், நானும் கூப்பிட்டுச் சொன்னேன், அவன் கேட்கவில்லை. பிள்ளையை நான் வெளியே எடுத்தேன், அவளுடைய தகப்பனை என் தீர்மானம் உள்ளே அனுப்பியிருக்கிறது. முதல் நாள் மேஸ்திரி அவசரப்படுத்த, ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள், பார்த்தேன். குடை எடுத்துக்கொண்டு போய்க் குடோனுக்கு எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் சத்தம் குறைந்தது, ஒவ்வொரு பெட்டியாக இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைத்தார்கள். சாப்பிட எழுந்து வந்தால் மறுபடி கூச்சல். அதனால் தினமும் போய் உட்காருகிறேன். பாண்டிராஜ் நேற்று ஒரு பெட்டியை வைத்துவிட்டு என் பக்கம் வந்து, "வீட்டுக்குப் போங்க ஆச்சி. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்குது" என்றான். நான் போனால் மேஸ்திரி விரட்டுவானே என்றேன். அவன், "அப்பம் கண்ண மூடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மூடவில்லை.

சித்தப்பா போன் செய்தால் மரியாதையாகப் பேசு, நலம் விசாரி, அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆளில்லை. டிக்கெட் போடாதே, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் சேர்ந்து வாருங்கள். அனுப்பிரியாவுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடு, போன முறை அவள் அனுப்பின அட்டையில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஆண்டவன் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன் செய்யும்போது நான் எதிர்வீட்டு வாசலில் இருப்பேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வர நேரமாகும். வீட்டுப் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தால் பயந்து வைத்துவிடாதே. மணி அடிக்கிறதென்றால் வீடு இருக்கிறது, நான் வந்துகொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நன்மையே நினைக்கும் அம்மா,
லட்சுமிகாந்தம்