முதல் ‘வேண்டாம்’

கடல் தாண்டிப் படிக்கப் போயிருக்கும் என் வாயாடிக்கு,

நீ போனில் சொன்னதை நினைத்துத் தையல் மிஷின் முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னடி, மறை கழண்டுடுச்சா?" என்றார் உன் அப்பா.

விடுதியில் பக்கத்து அறைப் பெண் "சாப்பிடுறியா?" என்று கேட்டாளாம். நீ மரியாதைக்கு "வேண்டாம்" என்றாயாம். அவளும் சரியென்று டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாளாம். மறுபடியும் கேட்பாள் என்று கதவையே பார்த்துக்கொண்டு பட்டினி கிடந்தாயாமே, மகாராணி!

அவள்மேல் கோபப்படாதே. அந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. இனிமேல் முதல் தடவையே தட்டை நீட்டு. இங்கே மூன்று தரம் கெஞ்ச வைத்துச் சாப்பிட்ட வாய்தானே, கொஞ்சம் பழகட்டும்.

ஆனால் அவர்கள் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. போன வாரம் "லீவுக்கு வரட்டுமாம்மா?" என்று கேட்டாய். "படிப்பு கெட்டுடும், வேண்டாம்டி" என்றேன். நீயும் "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையை இடம் மாற்றித் தைத்திருக்கிறேன்.

இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. நான் இன்னும் இந்த ஊர்க்காரிதான், கண்ணு. இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா