உன் குறட்டைக்கு நான் சாட்சி

தேன்மொழி மறந்து விட்டுப்போன இஞ்சு டேப் என் மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. முந்தாநாள் அதை வைத்து என் கழுத்தை அளந்தாள். அவள் என் அக்கா மகள். தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்கிற நோயைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். கழுத்துச் சுற்றளவு, குறட்டை, பகல் தூக்கம் இதையெல்லாம் வைத்து, யாருக்கு அந்த நோய் இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று பார்க்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கே இது புரிகிறது என்றால், அந்த ஆராய்ச்சியில் பாதி என் மூளைதான். முதலியார்பேட்டை முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் டேப் தொண்டைக்குழியில் சில்லென்று பட்டதும், மில்லில் என்னோடு தறி ஓட்டிய நீ வந்து நின்றாய். உன் தடித்த கழுத்துக்குச் சட்டையின் மேல்பொத்தானை ஒருநாளும் பூட்ட முடிந்ததில்லை. கல்யாணத்தன்று மாலையைப் போட்டுத்தான் மறைத்தோம்.

மில்லில் சாப்பாட்டு மணி அடித்ததும் பஞ்சு மூட்டைமேல் சாய்வாய். சாய்ந்த மறுநிமிடம் குறட்டை. உன் குறட்டைக்குப் பயந்து தறிகளே அடங்கிவிடும் என்று வெளியில் சொல்வேன். அது தறிகளை நிறுத்தி வைத்திருக்கும் நேரம் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சத்தம் ஏறிக்கொண்டே போய் திடீரென்று நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், மார்பு எக்கும், காற்று வராது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து சிரிப்போம். கடைசியில் பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். "படுத்ததும் தூக்கம் வர்றவன் ராஜாடா" என்று சொல்லிக்கொண்டே எழுவாய். அடுத்த அரைமணியில் தறிப்பக்கத்திலேயே ராஜாவுக்குக் கண் சொருகும்.

அதை நான் நடித்துக்காட்டாத கல்யாண வீடு உண்டா? ஒரு தடவை ஊர் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். உட்கார்ந்துதான் தட்டினார் என்று நீ திருத்துவாய். திருத்திவிட்டு நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் படுத்த நீ எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். கொடுத்து வைத்தவன், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

முந்தாநாள் சும்மா இருக்க முடியாமல் தேன்மொழிக்கும் நடித்துக்காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நேரம் பார்க்கப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொரு தடவ பண்ணுங்க மாமா. எதையும் சேக்காம பண்ணுங்க" என்றாள்.

பண்ணினேன். எதையும் சேர்க்காமல் செய்தால் அது ஒருவன் திணறுவது மாதிரி இருந்தது.

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியை அடைத்துவிடுமாம். உடம்பு போராடிப் பாதி விழித்து, மறுபடி தூங்கி, ராத்திரி முழுக்க இதே கதைதானாம். பகலில் கண் சொருகுவது அதனால்தான். இருதயத்துக்கும் கேடு. மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின் இருக்கிறதாம். நீ போனது அதனால்தானா என்று கேட்டேன். இப்போது எப்படிச் சொல்ல முடியும் என்றாள். பிறகு அவள் ஒன்று கேட்டாள். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, ஏனென்றால் இது குடும்பத்தில் தொடரலாம்.

உன் மகன் குமரன் கடலூர் பஸ் ஓட்டுகிறான்.

நேற்று மதியம் அவன் பஸ்ஸில் ஏறி, அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கழுத்து அச்சாக உன்னுடையது. தவளக்குப்பம் சந்திப்பில் நெரிசல், பஸ் நின்றது. எதிர்க்கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. தலை மெல்லக் கவிழ்ந்தது. முன்னால் நின்ற வண்டிகள் போய்விட்டன, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "அண்ணே, ஊட்டுக்கு வந்துட்டோமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நிற்க இடமில்லாத கூட்டம். இதில் நான் ஒரு ஆளைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே சிரித்தான். "மில்லு பாய்லர வெறுங்கையால நிறுத்துனவரு நீங்க. இதையும் அதோட சேத்து வச்சிக்கிறேன் சித்தப்பா."

ஆயுளில் முதல் தடவையாக ஜோடிக்காத ஒன்றைச் சொல்கிறேன், நம்ப ஆளில்லை. வேறு வழி தெரியாமல் அவன் முன்னால் உட்கார்ந்து உன் குறட்டையை நடித்தேன். எதையும் சேர்க்காமல்.

அடுப்படியிலிருந்து உன் மருமகள் வெளியே வந்து குமரனைக் காட்டினாள். "மாமனாரா இது? இவருதான் இது. தெனமும் தோளப் புடிச்சி உலுக்கறேன். சொன்னா என்னியதான் திட்டறாரு."

குமரனின் கை தட்டிலேயே நின்றது. "அப்பாவுக்கு எவ்ளோ நேரம் நிக்கும் சித்தப்பா?"

ரெண்டு டீ குடிக்கிற நேரம் என்று மேடைக்கு மேடை சொன்னவன் நான்.

"தெர்லடா. யாரும் எண்ணல. சிரிச்சிக்கினு இருந்தோம்."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து முதலாளிக்குப் போன் போட்டான். டெஸ்ட் முடியும்வரை வண்டி எடுக்கமாட்டேன் என்றான். நாளைக்கு டெஸ்டுக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறான். அப்பா எப்படித் தூங்கினார் என்று டாக்டர் கேட்டால், அப்போது சின்னப் பையனாக இருந்த தனக்குச் சொல்லத் தெரியாதாம்.

உன் பெண்சாதியும் இல்லை, சுற்றி உட்கார்ந்து சிரித்த மில் கூட்டாளிகளும் இல்லை. உன்னைத் தூக்கத்தில் பார்த்தவர்களில் மிச்சமிருப்பது நான் ஒருவன். அந்த ஒருவனும் இப்படிப்பட்டவன். இத்தனை வருஷம் நான் ஏற்றிய பூச்சையெல்லாம் சுரண்டி, எது நீ, எது நான் சேர்த்தது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். மார்பு எக்கியது நிஜம். காற்று வராதது நிஜம். அத்தனை பேர் சுற்றி இருந்தும் ஒருவர்கூட உன்னைத் தொட்டு எழுப்பவில்லை, அதுவும் நிஜம்.