கல் வைத்துப் படுப்பவருக்கு

திருச்சுழி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பா தங்கமாரியும் நலம். நீங்களும் உங்கள் சைக்கிளும் நலமாக இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். ராத்திரி ரூம் எடுத்துத் தங்குங்கள் என்று போனில் நான் ஆரம்பித்தாலே சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர் சண்முகவேல் அண்ணன் நாக்பூருக்கு லாரியில் மல்லி விதை லோடு ஏற்றிக்கொண்டு இன்று கிளம்புகிறார். நீங்கள் போகிற அதே ரோடுதான். இடம் கேட்டு உங்களைப் பிடித்து இதைத் தருவார்.

குதிரைவாலி அறுத்தாகிவிட்டது. வழக்கம்போல ரோட்டில்தான் காய்கிறது. எங்கப்பா சைக்கிளிலேயே பனிமலைக்குப் போகிறார் என்று பாப்பா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சர்கூட என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

நேற்று இன்பராஜ் தம்பி பேசினார். உங்களோடு சைக்கிள் மிதிக்கிற அவர் பொழுது சாய்ந்தால் லாட்ஜில் ரூம் எடுப்பதும், நீங்கள் மாட்டேன் என்பதும் தெரிந்ததுதான். கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க் என்று எங்காவது படுப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். “ரோட்டு ஓரத்துலயே படுத்துக்கிறாக மதினி. நம்மூர்ல தானியத்துக்கு வைக்கிற மாதிரி சுத்திக் கல்லு வச்சுக்கிறாக” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நம் ஊரில் கல்லைப் பார்த்தால், உள்ளே தானியம் காய்கிறது, பக்கத்தில் காவலுக்கு ஆள் படுத்திருக்கிறது என்று வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவருக்குத் தெரியும். ஒதுங்கிப் போய்விடுவார். அங்கே வருகிறவனுக்கு அது வெறும் கல். சின்ன வயதிலிருந்து குதிரைவாலிக்குக் காவல் படுத்த பழக்கத்தில் நாலுவழி ரோட்டையும் நம் ஊர் ரோடு என்று நினைத்துவிட்டீர்களா?

சைக்கிளுக்கு மட்டும் மெத்தை வைத்த சீட்டு வாங்கத் தெரிந்தது. உங்கள் முதுகுக்கு ஒரு கட்டில் என்றால் வீண்செலவு. மிச்சம் பிடித்துக் கிரைண்டர் வாங்கித் தருவேன் என்கிறீர்கள். எனக்கு ஆட்டுரலே போதும். ஏசி எல்லாம் வேண்டாம், ஃபேன் ஓடாத ரூமாக இருந்தாலும் சரி. இன்பராஜ் தம்பி ரூமில் தரையிலாவது படுங்கள்.

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. அடிக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

கொஞ்சம் தைரியம் வரட்டும் என்று சண்முகவேல் அண்ணனிடமே கேட்டேன், ரோட்டோரத்தில் கல் இருந்தால் தெரியுமா என்று. “ராத்திரியில கல்லு எங்க தங்கச்சி தெரியும்? எதுக்க வர்ற லைட்டுல கண்ணு கூசும். ரோட்டுல போட்டிருக்க கோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டே போவேன். கண்ணு சொக்குச்சுன்னா வண்டி தன்னால ஓரத்துல எறங்கிரும்” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. யாருக்காக எதற்குக் கேட்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

லாரியைக் கிளப்பிவிட்டார், வெளியே ஹாரன் அடிக்கிறார். அவர் நெற்றியில் திருநீறு பூசி, கண் சொக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அவர் உங்களைக் கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும் மாமா. கதவு இருக்கிற இடத்தில் படுத்திருங்கள்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்,
சுகந்தி