எங்கள் வாசலில் லாரி இஞ்சின்

2-12-86

தட்சிணாமூர்த்தி வந்தார். பக்கத்துக் காலி மனை அவருடையது. மூன்று வருஷமாக எங்கள் லாரி அதில்தான் செத்துக் கிடக்கிறது. "பிளாட் போடப் போறேன் சரசு. பொங்கலுக்குள்ள ஓட்டிக்கினு போயிடு. இல்ல, காயலாங்கடைக்குத்தான்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். சொந்த வண்டி ஓட்டிய மனுஷன், இப்போது குரோம்பேட்டையில் வாட்ச்மேன். நான்தான் சொன்னேன், ஓட்டிக் காட்டுறோம் என்று.

7-12-86

இஞ்சினை இறக்கி வாசலில் கட்டைமேல் வைத்தாயிற்று. வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

19-12-86

புது பிஸ்டன் இவர் போட்டார். வால்வுக்குப் பேஸ்ட் தடவித் தேய்த்தது நான். மோர் கடைகிற மாதிரிதான், குச்சியை உள்ளங்கையில் உருட்ட வேண்டும். இவர் அவசரக்குடுக்கை, போதும் போதும் என்றார். விடவில்லையே நான்! மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. யார் கை இது!

28-12-86

மழை. குழம்பில் டீசல் வாடையாம் இவருக்கு. வேண்டாமென்றால் பட்டினி கிடக்கட்டும்.

11-1-87

சூடம் காட்டிக் கிளப்பினோம். சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. பேட்டரி தீர்ந்ததுதான் மிச்சம். "வுடு சரசு, காயலாங்கடை ஆளை வரச் சொல்றேன்" என்றார் தட்சிணாமூர்த்தி, தெருவே பார்க்க. டீசல் பம்பு போச்சு என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எல்லாம் சரியாத்தானே போட்டோம் – அப்புறம் இன்னா கேடு இதுக்கு?

12-1-87

இவர் பேட்டரிக்கு சார்ஜ் போடப் போனார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பம்பின் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. இழுத்தால் டீசல் நின்று இஞ்சின் அணைந்துவிடும். அதில் தொங்குகிறது திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும்! கட்ட பம்பர் இல்லை, கைக்கு எட்டியதில் கட்டியிருக்கிறார். கயிறு இழுத்து லீவர் அணைக்கிற பக்கமே நிற்கிறது. பேட்டரியோடு இவர் வந்ததும் காட்டினேன்.

"யோவ், அணைச்சு வெச்சுகினு கிளப்பினா எப்படிய்யா ஓடும்?"

"கண்ணு பட்டுடக் கூடாதேன்னு..."

"உன் கண்ணுதான்யா பட்டுது!"

கயிற்றை அறுத்தேன். பட்டனை நானே அழுத்தினேன். ஒரு கறுப்புப் புகை, ஒரு உதறல் – பிடித்துக்கொண்டது! பிடித்தேவிட்டது! அடுப்படியில் தட்டெல்லாம் கிடுகிடுத்தது. எதிர்வீட்டு ஞானம்மாள் "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். இவர் சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. நான் அழுதேன், எவன் பார்த்தால் எனக்கென்ன.

14-1-87

நேற்று முழுக்க ஆள் வைத்து இஞ்சினை ஏற்றினோம். இன்று லாரி தானாகவே மனையை விட்டு வெளியே வந்தது. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. போகட்டும்.

9-3-87

லாரி ரோட்டில் ஓடலாம் என்று எஃப்.சி. வாங்கியாயிற்று. வாட்ச்மேன் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சாயங்காலம் தட்சிணாமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். "பிளாட்டுக்கு எல்லைக்கல்லு ஏத்தணும் சரசு. வண்டி காலியா கீதா?"

"நாளைக்கு சிங்கப்பெருமாள் கோவில் லோடு கீது சார். வியாழக்கிழமை வாங்க" என்றேன்.