நல்ல தண்ணீர்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
14.8.2004

அன்புள்ள மமதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் தருணும் மெல்போர்னில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. ஹாலில் நான் வைத்திருக்கும் கடல்மீன் தொட்டியில் அந்த ஆரஞ்சு க்ளவுன் மீன் ஜோடி, வாங்கி இரண்டு வருஷத்துக்குப் பிறகு, போன மாதம் பூந்தொட்டி ஓட்டின் மேல் முட்டை வைத்தது. சின்னதாக இருக்குமே ஆண் மீன், அதுதான் ஓயாமல் துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டே இருந்தது. உன் அம்மா எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மறதி நோய் வந்த பிறகு அவள் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஏழு நாள்தான். முட்டைக்குள் கண் தெரிவதைக்கூட அவள்தான் முதலில் பார்த்து எனக்குக் காட்டினாள்.

மறுநாள் குஞ்சு வந்துவிடும் என்று, பக்கத்து வீட்டுத் தமயந்தியை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, குஞ்சுத் தீனி வாங்க சிவாஜிநகர் போனேன். தமயந்தி அடுப்பில் வைத்த பாலை இறக்க வீட்டுக்குப் போன நேரம், அம்மா கடல் தண்ணீரை முக்கால்வாசி மொண்டு கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். நான் வந்தபோது புடவையெல்லாம் நனைந்து, குடமும் கையுமாக நின்றாள். "வாயில வச்சுப் பாத்தேங்க, ஒரே உப்பு. பச்ச ஒடம்புக்காரி இத எப்படிங்க குடிப்பா? நல்ல தண்ணி மாத்திட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மீன் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஒரு முட்டையும் தப்பவில்லை.

நான் கத்திவிட்டேன் மமதா. கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை, குடத்தைப் பிடுங்கி எறிந்தேன். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அரை மணியில் மீனை மறந்துவிட்டாள், நான் கத்தியதையும் மறந்துவிட்டாள், பயம் மட்டும் போகவில்லை. எதற்கென்று தெரியாமலே, கிட்டே போனால் ஒதுங்குகிறாள். மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. தமயந்தி ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். நேற்று அம்மா தமயந்தியிடம் மெதுவாக, "அந்த ஆளு எப்பம்மா போவாரு?" என்று கேட்டது வாசலில் நின்ற என் காதில் விழுந்தது.

தருண் சேட்டை பண்ணினால் கை ஓங்காதே, கோபம் வந்தால் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றைக்கே பார். டிசம்பர் லீவு வரை காத்திருக்காதே. சாயங்காலமானால் மமதா ஸ்கூலிலிருந்து வந்துவிட்டாளா என்று அம்மா இன்னும் கேட்கிறாள். நீ வந்து நான் யார் என்று அவளிடம் சொல்லு. நீ சொன்னால் நம்புவாள்.

உன் அப்பா,
நாராயணசாமி