பதினான்கு பேரின் தனிக்குரல்

ஜூன் 2, ஞாயிறு

கவிஞர் வட்டம் கூடியது. வழக்கம்போல டிரைவிங் ஸ்கூலுக்கு மேல் உள்ள அறை. சுவரில் 'முந்தாதே' பலகை. நாங்கள் அதற்கு முழுக்கக் கட்டுப்பட்டவர்கள்.

தொகுப்பு போடுகிறோம். பதினான்கு பேர், ஆளுக்கு ஒரு கவிதை. புத்தகத்தின் பெயர் 'தனிக்குரல்'. கைதூக்கி முடிவு செய்தோம். ஒருமனதாக.

ஜூன் 4, செவ்வாய்

அக்காவைப் பற்றி எழுதிவிட்டேன். பதினாறு வரி. சலவை ஆலையில் நீராவி மெஷின் அவள் கையில் பதித்த தழும்பு. மறுநாளே வேலைக்கு வரச்சொன்ன சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வீட்டில் நடந்தது' என்று எழுதவைத்தது. எல்லாம்.

அவளுக்கே வாசித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "இதுல ஒரு வார்த்தை மாத்தாதடா. நடந்தத நடந்தபடி சொல்ற காகிதம் இது ஒண்ணுதான்" என்றாள்.

சரி என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

சல்லடை நாள். வட்டத்தின் பெருமையே இதுதான்: கவிதை மேசையைச் சுற்றி வரும், ஆளுக்கு ஒரு வரியை அடிக்கலாம், மாற்றலாம். தலைப்பு வைக்கக் கூடாது.

முதல் ஆள் சூப்பர்வைசரை எடுத்தார். "கவிதைல பதவிப் பேரு வேணாமே தம்பி." பக்கத்திலிருந்தவர் மெஷினை. மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரியை எடுத்தார் - தொழில் பக்தி. கடைசியில் வட்டத்தின் தலைவர். பள்ளித் தலைமையாசிரியர், சீருடை பார்த்துப் பழகிய கண். "தழும்பு நல்லாருக்கு. அத ஏன் கையில வச்சே? நிலாவுல வை."

எழுதுகிறவனின் தனித்துவத்தைத்தான் வட்டம் தேடுகிறது என்றும் சொன்னார். தேடித் தேடி அழித்ததில் பதினாறு வரி ஐந்தானது.

சண்டை போட்டேனா? "நன்றிங்க சார்" என்றேன். டீ சூடாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

"அப்படியே போட்டுக்கிட்டாங்களா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சுருக்கினாங்க."

கொஞ்சம்!

ஜூன் 28, வெள்ளி

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் புத்தகம். நானே பக்கம் கட்டினேன், நானே பிழை பார்த்தேன். கடைசி நேரத்தில் தலைவர் போன்: கடைசியில் இருக்கும் தன் கவிதை முதலில் வரவேண்டுமாம். வெட்டி முன்னால் ஒட்டி அனுப்பிவிட்டேன். தொலைந்தது சனியன்.

ஜூலை 7, ஞாயிறு

வெளியீட்டு விழா. அக்கா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரும் மேடையேறி, தன் பெயருள்ள பக்கத்தைப் பிரித்து வாசித்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். தலைவர் தோளில் தட்டி, "இப்பத்தான் உன் குரல் உனக்குக் கிடைச்சிருக்கு" என்றார்.

ஜூலை 8, திங்கள்

அக்கா புத்தகத்தோடு வந்து நின்றாள். "நேத்து நீ வாசிச்சதுல தழும்பு எங்கடா?"

"நிலாவுல இருக்கும், பாரு."

"நிலா இருக்கு. தழும்பு இல்ல. அது அடுத்த பக்கத்துல, மருந்துக்கடைக்காரர் பேருக்குக் கீழ இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். தலைவரின் கவிதையை முன்னால் ஒட்டியபோது கவிதைகள் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போயின. பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பதினான்கு பேரும் அடுத்தவர் கவிதையை மேடையேறி உருகி உருகி வாசித்திருக்கிறோம். ஒருத்தருக்கும் தெரியல.

எனக்கும் தெரியல. அக்கா கை அதுல இல்லங்கறது எனக்கே தெரியல. அழ வேற செஞ்சேன் - யாருக்காக?

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 10, புதன்

தலைவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எங்க அக்காவுக்கு."

"அவங்க கவிதையெல்லாம் படிப்பாங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்ப விடு."

ஜூலை 14, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. சலவை ஆலையின் பின்வாசல் படி, இடைவேளை நேரம். அக்காவும் அவளோடு வேலை செய்யும் நான்கு பெண்களும். பழைய காகிதத்தை எடுத்துப் பதினாறு வரியையும் வாசித்தேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. கைதட்டவும் இல்லை.

ஒருத்தி மட்டும், "மெஷின் சீறுச்சுன்னு எழுதியிருக்கியே தம்பி, அது சீறாது. சத்தமே இல்லாம பிடிக்கும்" என்று சட்டைக்கையை மேலே ஏற்றிக் காட்டினாள். முழங்கை வரை தழும்பு.

அக்காவைப் பார்த்தேன்.

"அத மட்டும் மாத்திக்க" என்றாள்.

மாற்றினேன்.